குடும்பப் பராமரிப்பாளருக்கு ஒரு நலவாரியம் வேண்டும்: தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பற்றி எழுத நினைப்பவர்கள் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு எழுதுவார்கள்; இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு எழுதுவார்கள். நான் யோசித்துத்தான் உங்கள் துறைக்கு எழுதுகிறேன். கட்டிலில் கிடப்பவரை நோயாளி என்றோ மாற்றுத்திறனாளி என்றோ அரசு அடையாளம் காண்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை யாரும் தொழிலாளராக எண்ணிப் பார்த்ததில்லை. அவர் செய்வது வேலை என்று நான் சொல்கிறேன். வேலை என்றால் அது உங்கள் மேசைக்குத்தான் வர வேண்டும்.

நான் சிவகாசிக்காரி. ஆப்செட் அச்சகம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். 2018 ஆகஸ்டில் ஒரு நாள் காலை அம்மா அடுப்படியில் விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் போய்விட்டது. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தோம். வீட்டுக்கு அனுப்பும் அன்று, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது எப்படி, சிறுநீர்ப் பையை மாற்றுவது எப்படி என்று ஒரு செவிலியர் பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்தார். "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அதுவரை மூன்று ஷிப்டுகளில் ஆள் மாற்றி ஆள் வந்து செய்த வேலை, அந்த நிமிடத்திலிருந்து என் ஒருத்தியின் வேலையாகிவிட்டது.

ஆள் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதம் 20,000 ரூபாய் கேட்டார்கள். என் சம்பளம் 15,500. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் நான்காயிரம் அனுப்புவார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் கணவர் முன்னமே இறந்துவிட்டார். அக்டோபரில் வேலையை விட்டேன். வருங்கால வைப்பு நிதியில் இருந்த பணம் மருந்துக்கும் காற்றுப் படுக்கைக்கும் போனது. அப்போது எனக்கு 43 வயது. அம்மா 2025 பிப்ரவரியில் காலமானார். இப்போது எனக்கு 50.

அந்த ஆறரை ஆண்டுகளில் நான் என்ன செய்தேன் என்பதில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். திருப்பிப் படுக்க வைப்பது. அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும், இல்லையென்றால் எலும்பு துருத்தும் இடங்களில் தோல் கன்றிப் புண்ணாகிவிடும். அம்மாவின் எடை 58 கிலோ, என் எடை 51. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் விரித்து வைத்திருப்பேன். செயலிழந்த கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்து, எனக்கு எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி நிறுத்தி, சேலையின் அந்தப் பக்கத்து ஓரத்தை இரண்டு கைகளாலும் பற்றி, என் முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து இழுப்பேன். அவர் ஒருக்களித்ததும் முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. பிறகு டார்ச் அடித்துத் தோள்பட்டை, இடுப்பு, வால் எலும்பு, குதிகால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமலே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இரவில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். கஞ்சியும் மருந்தும் குளிப்பாட்டலும் துணி துவைத்தலும் இந்தத் திருப்பலுக்கு இடையில்தான் நடக்கும். கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். எந்த நேரம் எந்தப் பக்கம் திருப்பினேன், பையில் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு எந்த மாத்திரை. ஒரு வாரத்து நிமிடங்களை ஒருமுறை கூட்டிப் பார்த்தபோது நாளொன்றுக்குச் சராசரி 10 மணி 40 நிமிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான். அந்த நாட்களில் வருமானச் சான்றிதழுக்காக ஒரு விண்ணப்பம் கொடுக்கப் போயிருந்தேன். 'தொழில்' என்ற இடத்தில் என்ன போடுவது என்று கணினியில் பதிந்த இளைஞர் கேட்டார். "அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். "அப்படியென்றால் இல்லை என்று போட்டுவிடுகிறேன் அம்மா" என்றார். அந்தப் பையன்மேல் தவறில்லை. அவர் தேர்வு செய்யும்படி அந்தப் பட்டியலில் என் வேலை இல்லை.

2024-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதத்தினர் ஈடுபடுகிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அப்படி ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 140 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 74 நிமிடம். குழந்தை வளர்ப்பையும் சேர்த்த சராசரி இது. படுத்த படுக்கையானவர் இருக்கும் வீட்டுக் கணக்கு இந்தச் சராசரிக்குள் எங்கோ அமுங்கிக் கிடக்கிறது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, எங்கள் தெருவுக்கு அது வந்து சேரும் என்று நான் நம்பவில்லை. வந்தது. அம்மாவின் வால் எலும்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் வந்த சமயம். வலி நிவாரண சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வந்து அதைச் சுத்தம் செய்து கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தார். நான்கு மாதத்தில் ஆறியது. அந்தச் சகோதரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர் வந்தால் அரைமணி நேரம் இருப்பார். அந்த அரைமணி நேரத்துக்கு அரசு சம்பளம் கொடுத்தது, கொடுக்கத்தான் வேண்டும். அன்றைய மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. உயர் ஆதரவு தேவைப்படுவோரின், அதாவது அன்றாடக் காரியங்களுக்கே பிறர் உதவி அதிகம் வேண்டியவர்களின், உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் தரும் ஏற்பாடும் இங்கே இருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் இவை எல்லாம் நோயுற்றவரின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிற தொகைகள். அட்டை வாங்க முடியாத முதுமைக்கும் மறதி நோய்க்கும் இதில் வழி குறைவு. அட்டைக்கு உரியவர் இறந்த மாதமே எல்லாம் நின்றுவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் என்பவர் யார் என்று வரையறுக்கிறது. பெற்றோரும் குடும்பத்தினரும் அதில் அடக்கம், ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் அடக்கம். அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்காகப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டம் வேண்டும் என்கிறது. நாடாளுமன்றமே எங்களுக்குப் பெயர் சூட்டிவிட்டது. அந்தப் பெயருக்கு ஒரு பதிவு எண் கொடுக்கும் வேலைதான் மீதம் இருக்கிறது.

நான் கேட்பது ஒரு நலவாரியம். இதைக் கேட்க எனக்குத் துணிவு தந்ததே இந்த மாநிலத்தின் பழக்கம்தான். 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தையல்காரருக்கும், சலவைத் தொழிலாளிக்கும், முடிதிருத்துபவருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும் தமிழ்நாடு வாரியங்கள் அமைத்தது. முதலாளி என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாத வேலைகளையும் வேலை என்று ஏற்றுக்கொண்ட மாநிலம் இது. வீட்டுப் பணியாளர்களுக்கும் வாரியம் வந்தது. அடுத்த தெருவில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டிச் சோறூட்டப் போகிற பெண் அந்த வாரியத்தில் சேரலாம், அறுபது வயதில் ஓய்வூதியம் கேட்கலாம். மிகச் சரியான ஏற்பாடு. அதே குளிப்பாட்டலை, அதே ஊட்டலைத் தன் தாய்க்குச் செய்கிறவள் எந்த வாரியத்திலும் சேர முடியாது. வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. வாசற்படி மட்டும்தான் வேறு.

"பெற்ற தாயைப் பார்க்கக் கூலி கேட்பாயா?" என்று என் சித்தியே கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். என் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டி எங்களை வளர்த்தவர். வீட்டில் இருந்துகொண்டே செய்த வேலைதான். மடியில் நான் கிடப்பேன், ஒரு கையால் என்னைத் தட்டிக்கொண்டே ஒட்டுவார். ஆனாலும் சாயங்காலம் குரோஸ் கணக்கில், அதாவது 144 பெட்டி ஒரு குரோஸ் என்று, எண்ணிக் கூலி கொடுத்தார்கள். வீட்டுக்குள் நடந்தது என்பதால் அது வேலை இல்லை என்று எந்த ஏஜெண்டும் சொன்னதில்லை. அம்மாமேல் எனக்கிருந்த பாசத்துக்கு நான் விலை கேட்கவில்லை. அந்தப் பாசத்தால் நான் இழந்த சம்பளத்துக்கும், நின்றுபோன வைப்பு நிதிக்கும், வராமல் போகப்போகிற ஓய்வூதியத்துக்கும் ஓர் ஈடு கேட்கிறேன்.

கடமை என்று சொல்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்று அது சொல்கிறது. நல்ல சட்டம், அது இருக்க வேண்டும். கைவிட்டவரைத் தண்டிக்கத் தெரிந்த அரசுக்கு, கைவிடாமல் தன் வேலையைக் கைவிட்டவரை ஏறிட்டுப் பார்க்கும் பொறுப்பும் உண்டு.

வீட்டு வேலைக்கு மதிப்புண்டு என்பதை இந்த மாநிலம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் பெயரில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பங்குண்டு, அது விடுமுறையே இல்லாத வேலை என்று தீர்ப்பளித்தது. அந்த வழியில் இன்னும் ஓரடி எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 1976-இல் பராமரிப்பாளர் படியைக் கொண்டுவந்தபோது திருமணமான பெண்களுக்கு அது கிடையாது என்று விதி வைத்திருந்தார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986 ஜூனில் அந்த விதியை உடைத்தார். பத்து ஆண்டுகள் அந்த நாட்டின் திருமணமான பெண்கள் அந்தப் படியை இழந்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அழுதேன். "எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாய்" என்பது எனக்கும் பழகிய வாக்கியம். நம் பக்கத்திலேயே கேரளம் ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் தரும் திட்டத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. தொகை சிறியது. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர் பராமரிப்பாளராகவே நிற்கிறார்.

பணம் கொடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஜப்பான் 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியபோது குடும்பத்தாருக்கு ரொக்கம் கொடுப்பதில்லை, ஆளையும் சேவையையும்தான் அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். ரொக்கம் கொடுத்தால் மருமகளை நிரந்தரமாக அந்தக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று அங்குள்ள பெண்களே எதிர்த்தார்கள். நம் ஊரிலும் அது நடக்கும். "அரசு பணம் தருகிறதே, நீயே பார்" என்று வீட்டின் ஒரே ஒரு பெண்ணிடம் எல்லோரும் கைகழுவிவிடலாம். ஆகவே ஆயிரமோ இரண்டாயிரமோ கணக்கில் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியில் 1995 முதல் நடக்கும் பராமரிப்புக் காப்பீட்டில் ரொக்கமும் உண்டு, சேவையும் உண்டு. குடும்பத்தினரைப் பராமரிப்பவரின் ஓய்வூதியக் கணக்கில் அந்தக் காப்பீடே சந்தா செலுத்துகிறது. வாரியம் என்று நான் பிடிவாதமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். படி மாதாமாதம் செலவாகிவிடும். ஓய்வூதியக் கணக்கில் ஏறும் ஆண்டுகள் செலவாகாது.

வாரியம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளட்டும். புதிதாக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தின் வலி நிவாரண சிகிச்சைப் பட்டியல் இருக்கிறது, 2,000 ரூபாய் பெறுவோரின் பட்டியல் இருக்கிறது. அந்தந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பது மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்கு மனப்பாடம். அந்தப் பட்டியல்களில் ஒரு பத்தியைக் கூட்டினால் போதும்: பராமரிப்பவர் பெயர். பராமரிப்புப் படியை அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். வீட்டுப் பணிக்கு 2018-இல் நீங்களே குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தீர்கள். முழுநேரம் பார்ப்பவருக்கு அதில் பாதியையாவது கொடுங்கள்.

ஓய்வு வேண்டும். ஆறரை ஆண்டில் என் மகளின் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகவில்லை, ஒரு பல்லைப் பிடுங்க எட்டு மாதம் காத்திருந்தேன். வட்ட மருத்துவமனையில் இரண்டு படுக்கைகளை ஒதுக்கி, பதிவு பெற்ற பராமரிப்பாளருக்கு ஆண்டில் பத்து நாள் நோயாளியைச் சேர்த்துவிட்டு வரும் உரிமை கொடுத்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும். மருத்துவச் சான்று முகாம் ஒன்றில் 26 வயது மகனை இடுப்பில் தூக்கி வந்த ஒரு தாயைப் பார்த்தேன். மூளை முடக்குவாதம். அவர் மணிக்கட்டில் கட்டுப்போட்டிருந்தார். "கை சரியாக எலும்பு டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார் அக்கா, இவனை எங்கே இறக்கி வைப்பது" என்றார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

பார்க்கப்பட்டவர் இறந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிரிட்டனில் அதற்குப் பின்னும் எட்டு வாரம் படி தொடர்கிறது. இங்கே ஆறு மாதமாவது தொடர வேண்டும். அம்மாவின் காரியங்கள் முடிந்து பழைய அச்சகத்துக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் விட்ட இடத்திலிருந்து கணக்கு வேலை வெகுதூரம் போயிருந்தது. இணையத்தில் பதிந்து போடும் பில்லான இ-இன்வாய்ஸ் போடத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியாது. ஆனால் எனக்கு மூக்குக் குழாய் ஊட்டல் தெரியும். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடத் தெரியும். கஞ்சி புரையேறாமல் தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும், கையும் காலும் இறுகிப்போகாமல் எப்படி நீட்டி மடக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். உங்கள் துறையின் பெயரிலேயே திறன் மேம்பாடு இருக்கிறது. என்னைப் போன்றவர்களைச் சோதித்துப் பார்த்து ஒரு சான்றிதழ் கொடுங்கள். வீட்டுச் செவிலிக்கு ஆள் கிடைக்காமல் ஊர் ஊராகத் தேடுகிறார்கள். கைவேலை தெரிந்தவர்கள் சான்றிதழ் இல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள்.

பெண்களைப் பற்றியே எழுதிவிட்டேன். மறதி நோய் வந்த மனைவிக்குத் தலைவாரிவிடும் எழுபது வயதுப் பெரியவரும், தம்பிக்காகத் திருமணத்தையே தள்ளிப்போட்ட அண்ணனும் இந்தப் பதிவேட்டில் வர வேண்டும்.

அம்மாவின் காற்றுப் படுக்கையை எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே 38 வயதுப் பெண் ஒருத்தி, தீப்பெட்டி ஆலை வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். முதல் நாள் அவளால் ஒரு பக்கமும் திருப்ப முடியவில்லை, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சேலையை மடித்துப் போடவும், முழங்காலை முட்டுக்கொடுக்கவும் காட்டிக் கொடுத்தேன். இப்போது தனியாகத் திருப்புகிறாள். நேற்று போனபோது ஒரு நோட்டு வாங்கி நேரம் எழுதத் தொடங்கியிருந்தாள்.

என் ஏழு நோட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்கள் அதிகாரிகள் கணக்கிட விரும்பினால் தருகிறேன். வாரியம் அமைந்த அன்று அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு விருதுநகரில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஆறரை ஆண்டுகள் தன் தாயைப் பராமரித்த ஒரு மகள்,
சிவகாசி.